கேள்வி பதில்: கண்புரை இருக்கும்போது கண் பரிசோதனையை எவ்வளவு நம்பலாம்?

ஹட்டன் வாசகி: ஐயா, அம்மாவுக்கு நெடுங்காலமாக நீரிழிவு. விழித்திரையைப் படம் எடுத்துவிட்டு, 'புரையினால் படம் தெளிவில்லை' என்று எழுதியிருக்கிறார்கள். பாதிப்பு இல்லையென்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. புரை விழுந்த கண் வில்லை (லென்ஸ்) அம்மாவின் பார்வையை மட்டுமன்றி, உள்ளே பார்க்கும் வைத்தியரின் பார்வையையும் மறைக்கிறது. மங்கலான படத்தில் சிறிய இரத்தக் கசிவுகளும் விழித்திரை மையத்தின் வீக்கமும் தவறிப்போகலாம். மருந்திட்டுக் கண்மணியை விரித்து, ஸ்லிட் லாம்ப் என்னும், கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஒளிக் கருவியில் வைத்தியரே பார்த்தால் படத்தில் தெரியாதவை பல தெரியவரும். அதற்கும் இடமில்லாதபடி புரை முற்றியிருந்தால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் உண்டு. அது விழித்திரை கழன்றிருப்பதையும் உள்ளே இரத்தம் தேங்கியிருப்பதையும் காட்டும், நுண்ணிய கசிவுகளைக் காட்டாது. ஆகவே சத்திரசிகிச்சைக்குப் பின் விழித்திரையை மறுபடி பார்க்கும்படி நீங்களே கேளுங்கள். புரையை எடுத்தாயிற்றே என்று நம் தோட்டங்களில் பலர் அத்தோடு கிளினிக் போவதை நிறுத்திவிடுவது எனக்கு மிகுந்த கவலையளிக்கிறது.

மஸ்கெலியா வாசகர்: கொழுந்தெடுக்கும் என் அக்காவுக்கு வெயில் ஏறியதும் கண் கூசி ஒன்றும் தெரிவதில்லை. கிளினிக்கில் 6/9 வரை (முழுப் பார்வையான 6/6-க்கு ஒரு படி கீழே) வாசித்ததால் பார்வை நன்றாக உள்ளது என்கிறார்கள். எது சரி?

பதில்: இரண்டும் சரியாக இருக்கலாம். மங்கிய அறையில், வெள்ளைப் பலகையில் கறுத்த எழுத்தை வாசிப்பது கண்ணுக்கு மிக இலகுவான வேலை. வில்லையின் பின்புறத்தில், நடுவில் புரை இருந்தால், வெயிலில் கண்மணி சுருங்கும்போது ஒளி அந்தப் புரை வழியாகவே புக வேண்டியிருப்பதால் பார்வை சட்டென்று குறையும். கண்ணுக்கருகே கூசும் வெளிச்சம் வைத்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். எழுத்து வாசிக்கத் தெரியாதவர் வெட்கத்தில் பேசாமலிருந்தால் அதுவும் பார்வைக் குறைவாகப் பதிவாகிவிடும். அவர்களுக்கு, ஆங்கில 'E' எழுத்து எப்பக்கம் திரும்பியிருக்கிறதென்று கையால் காட்டினால் போதுமான பலகை இருக்கிறது.

பண்டாரவளை வாசகி: அப்பாவின் ஒரு கண்ணில் புரை முற்றி, வெளிச்சம் மட்டுமே தெரிகிறது. சத்திரசிகிச்சை பயன் தருமா என்று முன்கூட்டியே அறிய முடியுமா?

பதில்: ஓரளவுக்கு முடியும். நான் மிக முக்கியமாகக் கருதுவது சாதாரண டோர்ச் சோதனையையே. ஒளியை மாறி மாறி இரு கண்களுக்கும் காட்டும்போது, புரைக் கண்ணுக்கு வந்ததும் கண்மணி சுருங்காமல் விரிந்தால், அந்தக் குறையைப் புரையின் மேல் சுமத்த முடியாது. விழித்திரையிலோ பார்வை நரம்பிலோ பெரிய பாதிப்பு இருக்கிறது. கண்மணியை விரிக்கும் மருந்து இடுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். ஒளி எத்திசையிலிருந்து வருகிறதென்று அப்பா நான்கு பக்கமும் சரியாகச் சொன்னால் நல்ல அறிகுறிதான். எனினும் விழித்திரை மையத்தின் சிறிய பழுதை அது காட்டாது என்பதால், பத்திரிகை வாசிப்பார் என்று எவரும் உறுதி தர இயலாது.

நுவரெலியா வாசகர்: எனக்குக் குளுக்கோமாவும் (பார்வை நரம்பு பழுதாகும் நோய்) புரையும் உள்ளன. எந்த அளவீட்டை நம்புவது?

பதில்: கண்ணழுத்தம் கருவிழியின் மேல் அளக்கப்படுவதால் புரை அதைக் கெடுக்காது. பக்கப் பார்வை உட்பட எவ்வளவு பரப்புத் தெரிகிறதென்று அளக்கும் பார்வைப் புலச் சோதனையோ புரையினால் முழுப் புலமும் மங்கியதாகக் காட்டும். பார்வை நரம்பின் இழைப்படலத் தடிப்பை அளக்கும் நரம்பிழை ஸ்கேனும் சமிக்ஞை குறைந்து, இழைப்படலத்தை உள்ளதைவிட மெல்லியதாகக் காட்டலாம். புரை எடுத்தபின் இவ்விரண்டையும் புதிதாக எடுத்து, அடுத்த வருடங்களின் அளவுகளை அவற்றோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.