விடியற்காலை மேற்குக் காற்று: படகை எப்போது திருப்புவது?

பாகான் டத்தோவிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "தோட்டத்தில் வேலை. ஞாயிறு மட்டும் சின்ன ஃபைபர் படகில் தூண்டில் போடப் போவேன். ஜூலையில் ஒருநாள் விடியுமுன் ஆற்று முகத்தைத் தாண்டினோம். கடல் அசையாமல் கிடந்தது. அரை மணி நேரத்தில் காற்று அடித்து, படகு கவிழப் பார்த்தது. பாரோமீட்டர் வாங்கினால் முன்கூட்டியே தெரியுமா?"

நல்லபடியாகக் கரை சேர்ந்தீர்களே, அதுவே போதும். காற்றழுத்தம் காட்டும் பாரோமீட்டருக்குக் காசு செலவழிக்காதீர்கள். நம் பக்கம் காற்றழுத்தம் தினமும் காலை, இரவு 10 மணிவாக்கில் ஏறும், 4 மணிவாக்கில் இறங்கும். முள் இறங்கினால் புயல் என்பது குளிர்நாட்டுப் பாடம். உங்களை அடித்த காற்று வந்து சேரும்போது முள் மேலேதான் குதிக்கும்.

அது சுமத்ரா காற்று. தென்மேற்குப் பருவத்தில், மே கடைசி முதல் செப்டம்பர் வரை, இரவில் சுமத்ரா பக்கமும் மலாக்கா நீரிணையிலும் இடிமேகங்கள் வரிசை கட்டிக் கிழக்கே நகரும். பெரும்பாலும் விடியுமுன்னோ காலையிலோ நம் கரையைத் தொடும். வீச்சு மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர். ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும்.

கிளம்புமுன் மலேசிய வானிலைத் துறையான மெட்மலேசியாவின் ரேடார் படத்தைப் பாருங்கள். மழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. மேற்கே வடக்கு தெற்காக நீண்ட கோடு தெரிந்தால், அரை மணி கழித்து மறுபடி பாருங்கள். எவ்வளவு நகர்ந்தது என்பதை வைத்து, எப்போது வந்து சேரும் என்று கணக்குப் போடலாம்.

அப்புறம் ஜெட்டியில் இன்ஜினைத் தட்டுமுன் ஒரு நிமிடம் நில்லுங்கள். விடியலில் நிலக்காற்று வீசினால் தோட்டத்து எண்ணெய் ஆலை வாடை மூக்கில் ஏறும். பிடரியில் காற்று படும். அது வழக்கமானது. கடலில் இருக்கும்போது அந்தக் காற்று சட்டென்று செத்து, மேற்கிலிருந்து சில்லென்று ஒரு வீச்சு முகத்தில் பட்டால் மிஞ்சியிருப்பது சில நிமிடங்கள்தான். அடிவானத்தில் வில்லாக வளைந்த கறுப்பு மேகம், அதன் கீழே நுரை வெளுத்த தண்ணீர் தெரிந்தால் தூண்டிலைச் சுருட்டாதீர்கள், அறுத்துவிடுங்கள். முதலில் லைஃப் ஜாக்கெட்.

இதில் பலரும் தப்புச் செய்வது ஆற்று முகத்தில்தான். வற்றம் ஓடும் நேரத்தில், அதாவது கடல் நீர் இறங்கும்போது, பேராக் ஆறு மேற்கே தள்ளும், காற்று கிழக்கே தள்ளும். இரண்டும் மோதி அலை சுவராக நிமிரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இன்னும் மோசம். மேகம் தலைக்கு மேல் வந்துவிட்டால், வற்றத்தில் உள்ளே நுழைய அவசரப்படாதீர்கள். வெளியிலேயே முகப்பைக் காற்றுக்கு நேராக வைத்து, இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு, ஆட்களைத் தாழ உட்காரவைத்து, காற்று தணியும்வரை காத்திருங்கள்.