பிளாட்டினத்துக்கு ஆறு இரவு குறைகிறது, சும்மா போய்ப் படுக்கலாமா?

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கிறேன். ஏற்றுமதிக் கம்பனி ஒன்றில் வேலை. சென்னை, டுபாய் என்று அடிக்கடி போகவேண்டி வரும். மரியட் ஹோட்டல்களின் உறுப்பினர் திட்டமான மரியட் பொன்வோய் கணக்கில் இந்த வருடம் 44 இரவுகள் சேர்ந்திருக்கின்றன. 50 ஆனால் பிளாட்டினம் தரம். தெரிந்த டிரவல் ஏஜென்ட் தம்பி ஒருவர், கொழும்பிலேயே ஓர் இரவு 30,000 ரூபா பிளஸ் பிளஸ் விலைக்கு அறை எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். "நீங்கள் தங்கவும் தேவையில்லை அண்ணை, பெயரைப் பதிந்தால் காணும்" என்கிறார். டிசம்பரில் மூன்று இரவு சென்னையில் வேலை இருக்கிறது. அதற்கு ஒஃபிஸ் ஏஜென்ட் அறை போடுவார். ஏப்ரலில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு சிங்கப்பூரில் ஐந்து இரவு தங்க எண்ணம். அடுத்த வருடம் கம்பனிப் பயணங்கள் குறையும் என்கிறார்கள். கணக்கில் 110,000 பொயின்ட்ஸ் இருக்கின்றன. "வீட்டில கட்டில் இல்லையோ?" என்று மனைவி கேட்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: காசு கொடுத்து ஆறு இரவு வாங்க வேண்டாம். உங்கள் மனைவி ஒரே வரியில் சொல்லிவிட்டார், நான் கணக்கோடு சொல்கிறேன்.

அந்த 30,000 ரூபா 30,000 ரூபா அல்ல. பிளஸ் பிளஸ் என்றால் 10 வீதம் சேவைக் கட்டணம், அதற்கு மேல் சமூகப் பாதுகாப்பு வரி, அதற்கும் மேல் 18 வீதம் வற், சுற்றுலா அபிவிருத்தி வரி என்று ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கும். பில் கைக்கு வரும்போது 40,000 ரூபாவைத் தொட்டிருக்கும். ஆறு இரவுக்கு 240,000. திரும்பிக் கிடைக்கும் பொயின்ட்ஸோ வரிக்கும் சேவைக் கட்டணத்துக்கும் கிடையாது, அறை விலைக்கு மட்டும்தான். அறை சுமார் 100 டொலர் என்றால் ஓர் இரவுக்கு 1,000 பொயின்ட்ஸ், உங்கள் தரத்துக்குரிய 25 வீத மேலதிகத்தோடு 1,250. ஆறு இரவுக்கு 7,500. சிங்கப்பூரில் ஒரு நல்ல அறைக்கு ஓர் இரவுக்குக்கூட அது காணாது.

இவ்வளவு கொடுத்து வாங்குவது என்ன? 25 இரவு தாண்டியபோதே நீங்கள் அதற்குக் கீழுள்ள கோல்ட் தரத்துக்கு வந்துவிட்டீர்கள். பிளாட்டினத்தில் புதிதாக வருவது காலை உணவு, லவுஞ்ச் (சிற்றுண்டியோடு உட்கார்ந்திருக்கும் தனி அறை), பிற்பகல் 4 மணி வரை அறையை வைத்திருக்கும் உரிமை, இருந்தால் நல்ல அறை. காலை உணவும் லவுஞ்சும் உங்களுக்கும் உங்களோடு வரும் ஒருவருக்கும்தான். நீங்கள் நான்கு பேர். பிள்ளைகள் விஷயம் அந்த ஹோட்டலின் மனசைப் பொறுத்தது. மரியட்டின் ஆடம்பர ஹோட்டலான ரிட்ஸ் கார்ல்டனில் பிளாட்டினத்துக்கு லவுஞ்சும் இல்லை, இலவசக் காலை உணவும் இல்லை. இதைப் பலர் அங்கே போய் இறங்கிய பிறகுதான் அறிகிறார்கள். 4 மணிச் சலுகையும் கடற்கரை ரிசோர்ட்டுகளில் உறுதியில்லை. ஸ்வீட் எனப்படும் பெரிய அறைக்கு மாற்றித் தருவது அன்றைக்கு அறை மிச்சமிருந்தால். ஏப்ரல் பள்ளி விடுமுறையில் நான்கு பேரோடு போய் நின்று ஸ்வீட் கிடைக்கும் என்று நான் எவருக்கும் சொல்லமாட்டேன்.

கம்பனிப் பயணம் குறையும் என்று நீங்களே எழுதுகிறீர்கள். அப்படியானால் இந்தத் தரத்தை நீங்கள் உண்மையாகப் பாவிக்கப்போவது சிங்கப்பூரின் ஐந்து காலைகளில். 240,000 ரூபாவை ஐந்தால் பிரித்தால் ஒரு காலைக்கு 48,000. இரண்டு பேர் இடியப்பம் சொதி சாப்பிடுவதற்கு வெள்ளவத்தையில் என்ன செலவாகும் என்று உங்களுக்கே தெரியும்.

இனி அந்தத் தம்பியின் கதைக்கு வருவோம். கம்பனிகளுக்குப் பயண ஒழுங்கு செய்யும் வேலையில் இருபது வருடம் இருந்தவன் நான். இந்த மாதிரித் தம்பிகளை வருடா வருடம் நவம்பர், டிசம்பரில் பார்க்கிறேன். மழையோடு முளைப்பார்கள்.

அவர் தரும் மலிவு விலை பெரும்பாலும் அறைகளை மொத்தமாக வாங்கி விற்கும் வியாபாரியிடமிருந்து வருவது. நீங்கள் ஏஜென்டுக்குக் கட்டுவீர்கள், ஏஜென்ட் மொத்த வியாபாரிக்குக் கட்டுவார், அவர் தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஹோட்டலுக்குக் கொடுப்பார். ஹோட்டலின் கணக்கில் நீங்கள் அந்த வியாபாரியின் விருந்தாளி. இடையில் ஒருவருக்குத் தரகு கொடுத்த ஹோட்டல், உங்கள் பொயின்ட்ஸுக்காகத் தலைமைக் கம்பனியான மரியட்டுக்கும் இன்னொரு தடவை ஏன் கட்டவேண்டும்? கட்டாது. அதனால் அந்த இரவு கணக்கில் சேராது. ஒன்லைன் முன்பதிவுத் தளங்களில் போட்ட அறைக்கும் இதே கதிதான்.

இதில் கொடுமை என்னவென்றால், வரவேற்பு மேசையில் உங்கள் உறுப்பினர் இலக்கத்தைச் சொன்னால் அந்தப் பிள்ளை சிரித்த முகத்தோடு பதிந்துகொள்ளும். தண்ணீர்ப் போத்தல் இரண்டு கூடத் தரும். எல்லாம் சரியாக நடப்பதுபோல் இருக்கும். பத்து நாள் கழித்து கணக்கைத் திறந்தால் அதே 44 நிற்கும். அப்போது டிசம்பரும் முடிந்திருக்கும், தம்பியின் போனும் அடிக்காது.

"தங்கத் தேவையில்லை" என்பது இன்னும் மோசம். உறுப்பினர் நேரில் வந்து பதிந்து தங்கவேண்டும் என்பது விதி. இங்கே அடையாள அட்டை பார்க்காமல் அறை கொடுப்பதில்லை. அப்படியென்றால் உங்கள் பெயரில் போய் நிற்கப்போவது யார்? இரண்டில் ஒன்று: அவர் உங்களுக்குப் பொய் சொல்கிறார், அல்லது ஹோட்டலுக்குள் ஓர் ஆள் வைத்திருக்கிறார். இரண்டாவது பிடிபட்டால் 44 இரவும் 110,000 பொயின்ட்ஸும் கணக்கோடு மூடப்படலாம். தம்பிக்கு ஒன்றும் ஆகாது. பெரிய கம்பனிகளின் தள்ளுபடி இலக்கத்தை வட்ஸ்அப்பில் விற்பவர்களும் இருக்கிறார்கள். வேலை செய்வதற்கு அத்தாட்சி காட்டு என்று ஹோட்டல் கேட்கும்போது நீங்கள் முழிக்கவேண்டி வரும். அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

நான் முதலில் செய்யச் சொல்வது வேறு. இந்த வருடம் உண்மையில் எத்தனை இரவு மரியட் ஹோட்டல்களில் தூங்கினீர்கள் என்று கடவுச்சீட்டையும் ஒஃபிஸ் செலவுக் கணக்கையும் பக்கத்தில் வைத்து எண்ணிப் பாருங்கள். இப்படிக் கேட்டு வந்தவர்களில் பலருக்கு இரண்டு மூன்று இரவு விட்டுப்போயிருந்ததைக் கண்டிருக்கிறேன். இலக்கம் கொடுக்க மறந்தது, பெயர் பிழையாகப் பதிந்தது என்று காரணம் சின்னதாகத்தான் இருக்கும். நேரடியாகப் போட்ட அறை என்றால், ஹோட்டல் பில்லோடு விடுபட்ட இரவை எழுதிக் கேட்கலாம். கம்பனி ஹோட்டலோடு நேரடியாகப் பேசி வாங்கிய விலையும் கணக்கில் சேரும். காசு யார் கட்டினார் என்பதைவிட அறையை யார் விற்றார் என்பதுதான் இங்கே முக்கியம்.

கேட்டால் உடனே கிடைத்துவிடுமா என்றால், அது பெரிய கதை. எனக்கே ஒரு தடவை இரண்டு இரவு விடுபட்டது. ஹோட்டலைக் கேட்டால் திட்டத்தைக் கேள் என்றார்கள், திட்டத்தைக் கேட்டால் ஹோட்டலைக் கேள் என்றார்கள். நான்கு மாதம் கடிதம் எழுதினேன். ஒவ்வொரு பதிலும் "உங்கள் விசுவாசத்துக்கு நன்றி" என்று ஆரம்பிக்கும். விசுவாசம் என்ற சொல்லையே வெறுக்க வைத்துவிட்டார்கள். ஆனாலும் இரவு வந்தது, பில் கையில் இருந்ததால்.

அடுத்தது சென்னைப் பயணம். எப்படியும் தூங்கப்போகிற மூன்று இரவு அது. ஒஃபிஸ் ஏஜென்டிடம் விட்டால் மேலே சொன்ன மொத்த வியாபாரிக் கதை நடக்கலாம். நிர்வாகத்திடம் கேட்டு, அதே விலை எல்லைக்குள் அண்ணா சாலையிலுள்ள மரியட்டின் கோர்ட்யார்ட் ஹோட்டல் மாதிரி ஒன்றை மரியட் செயலியில் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். மூன்றும் சேர்ந்தால் 47.

மிச்சம் மூன்று. காசு வேண்டாம் என்று சொன்னேன், ஆனால் ஒரு வழிக்கு மட்டும் நான் இறங்கி வருவேன். பொயின்ட்ஸ் கொடுத்துத் தங்கும் இரவும் தரக்கணக்கில் முழு இரவாகச் சேரும். பலர் இதை அறியாமல், பொயின்ட்ஸைப் பூட்டி வைத்துக்கொண்டு காசுக்கு அறை எடுக்கிறார்கள். டிசம்பர் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு வெலிகம பே மரியட்டுக்கு எப்படியும் போவதாக இருந்தால், அதைப் பொயின்ட்ஸில் போடலாம். எப்படியும் போவதாக இருந்தால் என்பதைக் கவனியுங்கள். இதற்காகவே கிளம்பினால் வான் கூலி, மதியச் சாப்பாடு, இரவுச் சாப்பாடு என்று 240,000-இல் பாதி வேறு வாசலால் போய்விடும்.

அதையும் போட முன் சிங்கப்பூரைப் பாருங்கள். மரியட்டில் ஒரே ஹோட்டலில் தொடர்ந்து ஐந்து இரவைப் பொயின்ட்ஸில் எடுத்தால் நான்கு இரவுக்குத்தான் கழிப்பார்கள். நீங்கள் தங்கப்போவதும் சரியாக ஐந்து இரவு. பொயின்ட்ஸ் விலைக்கு நிரந்தரப் பட்டியல் இப்போது கிடையாது, நாளுக்கு நாள் மாறும். ஆகவே இன்றிரவே செயலியைத் திறந்து உங்கள் ஏப்ரல் திகதிகளைப் போட்டுப் பாருங்கள். 110,000-க்குள் ஐந்து இரவும் அடங்குகிறது என்றால், வெலிகமவை மறந்துவிட்டு அதை உடனே போட்டுவிடுங்கள். ஹோட்டல் செலவே மிச்சமாகும்போது இலவச முட்டைப் பொரியலுக்காக அழவேண்டியதில்லை. அடங்கவில்லை, கொஞ்சம்தான் குறைகிறது என்றாலும் வெலிகமவில் கரைக்காதீர்கள். கிட்டவே இல்லை, சிங்கப்பூரில் எப்படியும் காசுதான் என்றால் மட்டும் அந்த மூன்று இரவுக்குப் பொயின்ட்ஸைப் பாவியுங்கள். அப்போது பிளாட்டினம் உங்களுக்குக் கொஞ்சமாவது உதவும்.

இந்த டிசம்பரில் பிளாட்டினம் ஆனால் அடுத்த வருடம் முழுவதும், அதற்கடுத்த பெப்ரவரி முடிய அது இருக்கும். ஜனவரி பிறந்தால் எண்ணிக்கை பூச்சியத்திலிருந்து. தங்குவது என்று முடிவானால் 31-க்கு முன்னரே அறையை விட்டு வெளியேறும்படி திகதி போடுங்கள், வருட மாற்றத்தில் தலையைக் கொடுக்க வேண்டாம். ஒரே இரவில் மூன்று அறை எடுத்து மூன்று இரவு ஆக்கலாமா என்று கேட்பீர்கள், எல்லோரும் கேட்கிறார்கள். ஆகாது.

தம்பிக்கு முற்பணம் ஏதும் கொடுத்திருந்தால், முன்பதிவு இலக்கத்தைக் கேட்டு வாங்கி உங்கள் செயலியில் போட்டுப் பாருங்கள். அங்கே அந்த அறை வரவில்லை என்றால் இன்றைக்கே காசைத் திருப்பிக் கேளுங்கள்.