‘ஆஃப்’ காட்டியும் நிற்காத மோட்டார்: பெரிய ரிலே போட்டால் சரியாகிவிடுமா?

கேள்வி: 1 ஹெச்பி சிங்கிள் ஃபேஸ் தண்ணீர் மோட்டாரை, இஎஸ்பி8266 என்ற வைஃபை போர்டில் இணைத்த 10 ஆம்பியர் ரிலே (போர்டின் கட்டளைக்குத் திறந்து மூடும் மின் சுவிட்ச்) மூலம் இயக்குகிறேன். ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில், வீட்டுச் சாதனங்களை இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருள் ஓடுகிறது. சில மாதங்கள் ஒழுங்காக வேலை செய்தது. இப்போது மோட்டார் நிற்கும்போதெல்லாம் போர்டு ரீஸ்டார்ட் ஆகிறது. சென்ற வாரம் செயலியில் ‘ஆஃப்’ என்று காட்டியும் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. அமைத்துக் கொடுத்தவர் 30 ஆம்பியர் ரிலே மாற்றலாம், இல்லையென்றால் தன்னிடமுள்ள ஸ்மார்ட் சுவிட்சை வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார். எதைச் செய்வது?

பதில்: இரண்டும் வேண்டாம். முதல் வேலையாக அந்த ரிலேயைக் கழற்றிவிட்டு, பழையபடி கை சுவிட்சில் மோட்டாரை ஓட்டுங்கள். மீதியை நிதானமாகச் செய்யலாம்.

உங்கள் ரிலேயின் தொடுமுனைகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு மிக அதிகம். மெயின் சுவிட்சை அணைத்து, கம்பிகளைக் கழற்றிய பிறகு, மல்டிமீட்டரை பீப் ஒலி நிலையில் வைத்து ரிலேயின் ‘காம்’ (பொது முனை), ‘என்ஓ’ (ரிலே இயங்கினால் மட்டும் சேரும் முனை) இரண்டுக்கும் நடுவே தொட்டுப் பாருங்கள். ரிலேக்கு மின்சாரமே இல்லாத நிலையில் பீப் வந்தால் ஒட்டிவிட்டது என்று அர்த்தம். தட்டினால் சில சமயம் விடுபடும். அப்படி விடுபட்டதைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. அடுத்த முறை இன்னும் எளிதாக ஒட்டும். செயலி ஏன் ‘ஆஃப்’ என்று காட்டியது? போர்டு தான் கொடுத்த கட்டளையைத்தான் அது காட்டுகிறது. மோட்டாருக்கு மின்சாரம் போகிறதா என்று அதற்குத் தெரியாது.

ரிலேயின் தலையில் ‘10 ஆம்பியர், 250 வோல்ட்’ என்று அச்சிட்டிருப்பது ஹீட்டர் போன்ற சுமைக்கான கணக்கு. 1 ஹெச்பி மோட்டார் 230 வோல்ட்டில் ஓடும்போது ஏறத்தாழ 6 முதல் 8 ஆம்பியர் இழுக்கும். கிளம்பும் அந்தக் கணத்தில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு. அதாவது 30, 40 ஆம்பியருக்கு மேல். அந்த நேரத்தில் தொடுமுனை ஒருமுறை துள்ளினாலும் பொறி பறந்து உலோகம் உருகும். 30 ஆம்பியர் என்று எழுதிய ரிலேயும் பெரும்பாலும் இதே ஹீட்டர் கணக்குதான். தயாரிப்பாளரின் விவரத்தாளில் மோட்டாருக்கென்று தனியாக ஹெச்பி அளவு கொடுத்திருந்தால் நம்பலாம். விவரத்தாளே இல்லாத பொருளை மோட்டாருக்குப் போடாதீர்கள். ரிலே நல்லதாகவே இருந்தாலும், அது உட்கார்ந்திருக்கும் போர்டின் செப்புத் தடம் மெலிதாகவும், மெயின்ஸ் பக்கத்துக்கும் 5 வோல்ட் பக்கத்துக்கும் இடைவெளி 6 மி.மீ.கூட இல்லாமலும் இருக்கும் போர்டுகள் தாராளமாக விற்கின்றன. இந்த எச்சரிக்கையை விற்பவரும் எழுதுவதில்லை, எழுதச் சொல்லி யாரும் அவரைக் கட்டாயப்படுத்துவதும் இல்லை. வீட்டு மின்சாரத்தில் நேரடியாக மாட்டப்படும் ஒரு பொருளை இப்படி விட்டுவைத்திருப்பது பொறுப்பற்ற செயல்.

உங்களுக்குத் தேவை ஒரு கான்டாக்டர், அதாவது மோட்டாரின் மின்சாரத்தைத் தாங்கவென்றே செய்த மின்காந்த சுவிட்ச். ரிலே, கான்டாக்டரின் காயிலை (அதை இழுத்து மூடும் கம்பிச்சுருளை) மட்டும் இயக்கட்டும். மோட்டாரின் மின்சாரத்தைக் கான்டாக்டர் சுமக்கட்டும். வாங்கும்போது ‘ஏசி-3’ என்ற வரிக்கு எதிரே என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். ஏசி-3 என்பது மோட்டாருக்கான அளவு, ஏசி-1 என்பது ஹீட்டருக்கான அளவு. ஏசி-3 கணக்கில் 9 ஆம்பியரே உள்ள கான்டாக்டரை, ஏசி-1 எண்ணைக் காட்டி ‘25 ஆம்பியர்’ என்று விற்பார்கள். பிரேக்கர் பெட்டிக்குள் பொருந்தும் சிறிய வகையில் இதே எண்கள் ஏசி-7பி (மோட்டார்), ஏசி-7ஏ (மற்றவை) என்று இருக்கும். உங்கள் மோட்டாருக்கு ஏசி-3 அளவில் 12 ஆம்பியர் வாங்குங்கள். கூடவே, மோட்டார் அளவுக்கு மீறி இழுத்தால் அணைக்கும் தெர்மல் ஓவர்லோடு ரிலே ஒன்றை வைத்து, மோட்டாரின் பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியருக்கு அதைத் திருப்பி வையுங்கள்.

காயில் 24 வோல்ட் டிசி வகையாக இருக்கட்டும். 24 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர் போதும். தொட்டியில் இறங்கி, நீர்மட்டம் உயர்ந்தால் மிதந்து இணைப்பைத் துண்டிக்கும் ஃப்ளோட் சுவிட்சில் 230 வோல்ட் போகாமல் 24 வோல்ட் மட்டும் போகும் என்பதுதான் இதில் பெரிய லாபம். அந்த ஃப்ளோட் சுவிட்சைக் காயிலின் பாதையிலேயே தொடராக இணைத்துவிடுங்கள். தொட்டி நிரம்பினால் போர்டு உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மோட்டார் நிற்க வேண்டும். நிறுத்தும் வேலையை நிரலிடம் மட்டும் ஒப்படைக்கவே கூடாது.

போர்டு ரீஸ்டார்ட் ஆவதற்கும் காரணம் இந்த மின்சுற்றுதான். மோட்டாரோ காயிலோ அணையும்போது எழும் மின்னழுத்தத் துள்ளல் போர்டு வரை வருகிறது. 24 வோல்ட் காயிலின் இரு முனைகளுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு ஒன்றைப் போடுங்கள்; அதன் வெள்ளிக் கோடு பிளஸ் பக்கம் இருக்க வேண்டும். போர்டுக்கு 5 வோல்ட், 1 ஆம்பியர் தனி அடாப்டர் கொடுத்து, அதன் 5 வோல்ட் முனையில் 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை வையுங்கள். வைஃபை அனுப்பும்போது இஎஸ்பி8266 கணநேரம் 300 மில்லிஆம்பியருக்கு மேல் இழுக்கும். ரிலே காயில் இன்னொரு 70. மலிவான போன் சார்ஜர் அங்கேயே தொய்ந்துவிடும். ரிலே போர்டில் ‘ஜேடி-விசிசி’ என்று எழுதிய ஜம்பர் (இரு முனைகளை இணைக்கும் சிறு கவ்வி) இருந்தால் அதைக் கழற்றி ரிலேக்கு வேறு 5 வோல்ட் கொடுங்கள். ஜம்பர் மாட்டியே இருந்தால், இரு பக்கத்தையும் ஒளி மூலம் பிரித்துவைக்கும் ஆப்டோ இருந்தும் பயனில்லை. மோட்டார் கம்பியும் போர்டின் கம்பியும் ஒரே குழாயில் போகக் கூடாது.

ரிலேயைப் போர்டின் எந்தப் பின்னில் (இணைப்புக் காலில்) மாட்டுவது என்பதிலும் கவனம் வேண்டும். ஜிபிஐஓ என்று எண்ணிட்ட பின்களில் 0, 2, 15 மூன்றும் போர்டு விழிக்கும்போது அதற்கே தேவைப்படுபவை. பின் 16, போர்டு விழிக்கும்போது தானாக ஹை (மின்னழுத்தம் உள்ள நிலை) ஆகும். ரிலேயை ஜிபிஐஓ 5-இல் (டி1) இணைத்து, அந்தப் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். ரிலே போர்டு ‘ஹை’ கிடைத்தால் இயங்கும் வகையாக இருக்க வேண்டும்.

போர்டின் நிரலை எழுத ஈஎஸ்பிஹோம் மென்பொருளைப் பயன்படுத்தினால், போர்டு விழிக்கும்போது ரிலே எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று சொல்லும் ரீஸ்டோர் மோடை ‘ஆல்வேஸ் ஆஃப்’ ஆக்குங்கள். தொட்டி நிரம்ப 20 நிமிடம் ஆகுமென்றால், 25 நிமிடத்தில் தானே அணையும் விதியைப் போர்டிலேயே எழுதுங்கள். ஹோம் அசிஸ்டன்ட்டில் மட்டும் எழுதினால் பை நின்றுபோன அன்று அந்த விதியும் நின்றுபோகும். பையிடமிருந்து 15 நிமிடம் தொடர்பு வராவிட்டால் போர்டு தன்னைத்தானே ரீஸ்டார்ட் செய்துகொள்வது ஈஎஸ்பிஹோமின் இயல்பு. ஏபிஐ (ஹோம் அசிஸ்டன்ட்டோடு பேசும் பகுதி), வைஃபை இரு பகுதிகளிலும் ‘ரீபூட் டைம்அவுட்’ மதிப்பை 0 நொடி ஆக்கிவிடுங்கள்.

ஒரு விதிவிலக்கைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சிலர் வீட்டில் பச்சை, சிவப்புப் பொத்தான்களோடு ஸ்டார்ட்டர் பெட்டி ஏற்கெனவே இருக்கும். அதற்குள்ளேயே கான்டாக்டர் உண்டு. இன்னொன்று வாங்க வேண்டியதில்லை. பச்சைப் பொத்தானுக்கு இணையாக ஒரு ரிலேயை வைத்து 1 நொடி மட்டும் இயக்கினால் கிளம்பிவிடும். நிறுத்துவதுதான் சிக்கல். சிவப்புப் பொத்தானோடு தொடராக இரண்டாவது ரிலேயின் ‘என்சி’ முனையை (ரிலே இயங்காதபோது சேர்ந்திருக்கும் முனையை) போடுவதே வழக்கம். அப்படிச் செய்தால், போர்டு செத்துப்போனால் மோட்டாரை நிறுத்த ஆளில்லை. அதற்குப் பதில் ‘என்ஓ’ முனையைப் போட்டு, மோட்டார் ஓடும் நேரம் முழுவதும் போர்டு அந்த ரிலேயைப் பிடித்துக்கொண்டிருக்கும்படி செய்யுங்கள். போர்டு செத்தால் மோட்டாரும் நிற்கும். கையால் ஓட்ட வேண்டிய நாளுக்காக அந்த ரிலேக்குக் குறுக்கே ஒரு சாதாரண சுவிட்ச் வைத்து ‘கை இயக்கம்’ என்று எழுதி ஒட்டுங்கள். இந்தப் பெட்டிகளில் காயில் 230 வோல்ட்டாக இருக்கும் என்பதால் மேலே சொன்ன டயோடு ஆகாது; 100 ஓம் ரெசிஸ்டர், 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 வகை (மெயின்ஸில் நேரடியாகப் போடத் தகுந்த) கெப்பாசிட்டர் இரண்டையும் தொடராக்கிக் காயிலுக்குக் குறுக்கே போட வேண்டும். அதை ரிலே முனைக்குக் குறுக்கே போட்டால் அணைந்த நிலையிலும் 7 மில்லிஆம்பியர் கசியும். பச்சைப் பொத்தானை இரண்டு மூன்று நொடி அமுக்கிப் பிடித்தால்தான் மோட்டார் கிளம்பும் என்றால், அந்தப் பொத்தான் ஸ்டார்ட் கெப்பாசிட்டரையும் இணைக்கும் வகை. அதில் ரிலே இணைக்கவே இணைக்காதீர்கள், பெட்டியையே மாற்றுங்கள்.

இனி அமைத்துக் கொடுத்தவர் காட்டும் ஸ்மார்ட் சுவிட்ச். அதில் மோட்டாருக்கான அளவு எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். அதைவிட முக்கியமாக, இணையம் இல்லாமல் அது இயங்குமா என்று கேளுங்கள். நெஸ்ட் நிறுவனம் தான் வாங்கிய ரிவால்வ் சாதனத்தின் சேவையை 2016 மே மாதம் நிறுத்தியது. வீடுகளில் இருந்த பெட்டிகள் செயலிழந்தன. இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்கள் 2022 ஏப்ரலில் முன்னறிவிப்பின்றி அணைந்தன. பணம் கொடுத்து வாங்கியவர் வீட்டு விளக்கை இன்னொருவர் சர்வரின் தயவில் வைக்கும் இந்த ஏற்பாட்டை விற்பனைக்கு முன்பே வெளிப்படையாகச் சொல்லச் செய்ய வேண்டும், செய்வாரில்லை.

இப்படி அமைத்துக் கொடுக்கும் இடைத்தரகர்களின் இன்னொரு பழக்கம் இதைவிட மோசம். வீட்டுக்காரரின் அமைப்பைத் தங்கள் மின்னஞ்சலில் பதிவுசெய்து, முதன்மைக் கணக்கைத் தாங்களே வைத்துக்கொள்வார்கள். பிறகு சின்ன மாற்றத்துக்கும் அவர்களையே கூப்பிட வேண்டும். உங்கள் வீட்டு மோட்டாரை அவர்கள் எங்கிருந்தும் இயக்கலாம். இன்றே கேட்டு வாங்குங்கள்: ஹோம் அசிஸ்டன்ட்டின் உரிமையாளர் கணக்கு, பையின் கடவுச்சொல், ஈஎஸ்பிஹோம் கோப்புகள், அவற்றின் என்கிரிப்ஷன் சாவி, பேக்கப் மற்றும் அதைத் திறக்கும் சாவி, கம்பி இணைப்பு வரைபடம். தர மறுத்தால், பையில் புதிய மெமரி கார்டு போட்டுத் தொடக்கத்திலிருந்து நிறுவுவதே நல்லது. அந்த வேலைக்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

230 வோல்ட் பக்கத்து இணைப்புகளை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனே செய்யட்டும். 30 மில்லிஆம்பியர் கசிவுப் பாதுகாப்பு பிரேக்கர் இருக்கிறதா என்றும் அவரையே பார்க்கச் சொல்லுங்கள். எல்லாம் முடிந்ததும் மோட்டாரை ஓடவிட்டு, மூன்று சோதனைகள் தனித்தனியே செய்யுங்கள். ரௌட்டரையும் பையையும் அணைத்துவிட்டு 25 நிமிடத்தில் மோட்டார் நிற்கிறதா என்று பாருங்கள். போர்டின் அடாப்டரைப் பிடுங்கினால் உடனே நிற்க வேண்டும். ஃப்ளோட் சுவிட்சைக் கையால் தூக்கினாலும் உடனே நிற்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் ஆள் இல்லாத நேரத்தில் மோட்டாரை ஓடவிடாதீர்கள்.