கேள்வி மேடை: எம்டனுக்கு ஆகாயத்தில் ஓர் அண்ணன்

எம்டன் கப்பலைப் பற்றி எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். அதே ஜேர்மன் கடற்படையில் ஆகாயக் கப்பல்களும் இருந்தனவாமே? அவற்றை ஓட்டிய ஒரு தலைவரைப் பற்றிச் சொல்லுங்கள்.
— வாசகர், வெள்ளவத்தை

1914 செப்டெம்பர் 22 இரவு சென்னை எண்ணெய்த் தாங்கிகளைச் சுட்டுவிட்டு இலங்கைக் கடலுக்குள் வந்த எம்டன், நம் பேச்சு வழக்கிலேயே ஒரு சொல்லாகி விட்டது. ஆகாயத்தில் அந்தப் பட்டத்துக்குப் பொருத்தமானவர் லுட்விக் பொக்ஹோல்ட்.

1917 ஏப்ரல் 23 அன்று எல் 23 என்ற செப்பலின் ஆகாயக் கப்பலில் வட கடலை ரோந்து சுற்றியபோது, ‘ரோயல்’ என்ற நோர்வேப் பாய்க்கப்பலைக் கண்டார். தாழ இறங்கி, தன் ஆட்கள் சிலரை அதில் ஏற்றி, கப்பலையே ஜேர்மன் துறைமுகத்துக்கு அனுப்பி வைத்தார். எரியும் வாயு நிரம்பிய ஊதுபையைக் கடல் மட்டத்துக்கு இறக்குவது துணிச்சலா முட்டாள்தனமா என்று கேட்டால், எங்கள் வாக்கு இரண்டாவதற்குத்தான். மேலிடமும் மகிழவில்லை.

அடுத்து ஆபிரிக்கப் பயணம். கிழக்காபிரிக்காவில் ஆங்கிலேயரிடம் சிக்காமல் போராடிக்கொண்டிருந்த ஜேர்மன் தளபதி லெட்டோ-வோர்பெக்கின் படைக்கு மருந்தும் வெடிபொருளும் கொண்டுபோக வேண்டும். முதலில் தயாரான எல் 57, 1917 ஒக்ரோபரில் புயலில் அழிந்தது. அதற்கும் பொக்ஹோல்ட்தான் தலைவர். மாற்றாக எல் 59ஐ நடுவே வெட்டி, 15 மீற்றர் பகுதிகள் இரண்டைச் செருகினார்கள். நீளம் 226.5 மீற்றர், வாயுக் கொள்ளளவு 68,500 கன மீற்றர், குறுக்களவு ஏறத்தாழ எட்டு மாடிக் கட்டடத்தின் உயரம்.

போனால் திரும்பி வரும் எண்ணமே இல்லை. அங்கே நிரப்ப, கப்பலைத் தூக்கும் ஐதரசன் வாயு கிடையாது. ஆகவே கப்பலையே பிரித்துப் பயன்படுத்துவதாகத் திட்டம்: வெளித்துணி கூடாரத்துக்கு, வாயுப் பைகள் உறங்கும் பைகளுக்கு, நடைபாதைத் தோல் சப்பாத்துக்கு, டியூரலுமின் என்ற அலுமினியக் கலப்புலோகச் சட்டங்கள் வானொலிக் கோபுரத்துக்கு.

நவம்பர் 21இல் பல்கேரியாவின் யாம்போலில் இருந்து 22 பேருடன் புறப்பட்டு, சூடானில் கார்ட்டூமுக்கு மேற்கே வரை போய், திருப்பி அழைக்கப்பட்டு, 25ஆம் திகதி அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. 95 மணித்தியாலம், 6,757 கிலோமீற்றர். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இடையில் எங்கும் நிறுத்தாமல் 17 தடவை ஓடியதற்குச் சமம்.

பாலைவனத்தின் மேல் அந்தக் கப்பல் விழப் பார்த்தது என்று படித்தேன். எரிபொருள் எரிந்து பாரம் குறையக் குறைய மேலேதானே போக வேண்டும்?
— ஆசிரியர், தெஹிவளை

நல்ல கேள்வி. பாரம் குறைந்தது உண்மை. ஆனால் தூக்கும் வலுவும் குறைந்தது, அதுவும் ஒரே இரவில்.

கடல் மட்டத்தில் ஒரு கன மீற்றர் ஐதரசன் சுமார் 1.1 கிலோ தூக்கும். 68,500 கன மீற்றர் என்றால் 75 தொன். இதில் கப்பலின் சொந்தப் பாரம் போக மிஞ்சுவதில்தான் 20 தொன்னுக்கு மேல் பெற்றோல், 15 தொன் சரக்கு, ஆட்கள், பாரச்சமன் தண்ணீர் (தேவைப்படும்போது கொட்டிப் பாரம் குறைப்பதற்கு) எல்லாம்.

பகலில் வெயில் துணியில் பட்டு உள்ளே வாயு சூடாகி விரிகிறது. பைகள் முட்ட நிரம்பியதும் வால்வுகள் தாமாகத் திறந்து மிச்சத்தை வெளியே விடும். இல்லாவிட்டால் பை கிழியும். பொழுது சாய்ந்ததும் வாயு குளிர்ந்து சுருங்கும். பகலில் வெளியே போனது போனதுதான், திரும்பி வராது. மூன்று பாகை குளிர்ந்தால் கொள்ளளவில் ஒரு வீதம் போகும்; இந்தக் கப்பலுக்கு அது 750 கிலோ. பத்துப் பாகை என்றால் இரண்டரைத் தொன். மணற்காட்டில் பகலுக்கும் இரவுக்கும் பத்துப் பாகை வித்தியாசம் பெரிய காரியமில்லை.

அப்போது தலைவர் செய்யக்கூடியவை இரண்டே. மூக்கைச் சற்று உயர்த்தி, எஞ்சின் வேகத்தில் காற்றைக் கீழே அழுத்திக் கொஞ்சம் தூக்கலாம். அது போதாவிட்டால் தண்ணீரைக் கொட்ட வேண்டும். தண்ணீரும் போதாவிட்டால் சரக்கு. எல் 59 இரண்டையும் கொட்டித்தான் தப்பியது. தண்ணீரை முதல் நாளே தாராளமாகச் செலவழித்த தலைவருக்கு மூன்றாம் இரவில் கையில் ஒன்றும் இராது. அதனால் பாரக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருப்பதே இவர்களுடைய முக்கால்வாசி வேலை.

ஆங்கிலேயர் போலித் தந்தி அனுப்பி ஏமாற்றித் திருப்பினார்கள் என்பது உண்மையா?
— வாசகர், கொட்டாஞ்சேனை

கதை நன்றாகத்தான் இருக்கிறது. திருப்பி அழைத்தது ஜேர்மன் கடற்படைத் தலைமையகமே. செய்தி போனது ஜேர்மனியின் நௌவன் வானொலி நிலையத்திலிருந்து. இறங்கத் திட்டமிட்ட மேட்டுநிலம் எதிரியிடம் போய்விட்டது என்பதே காரணம். முன் எஞ்சினின் பற்சக்கரப் பெட்டி விரிசல் விட்டு நின்றபோது வானொலிக்கு மின் கொடுத்த டைனமோவும் கூடவே நின்றது. கப்பலால் செய்தி கேட்க முடிந்தது, பதில் சொல்ல முடியவில்லை. போலித் தந்திக் கதை வளர இந்த மௌனமும் உதவியிருக்கும்.

பொக்ஹோல்ட் 1918 மார்ச்சில் நேப்பிள்ஸ் மீது குண்டு போட்டார். ஏப்ரல் 7இல் மோல்ற்றாவுக்குக் கிளம்பிய எல் 59 இத்தாலிக்கும் அல்பேனியாவுக்கும் இடையிலுள்ள ஒட்ராண்டோ நீரிணைக்கு மேலே தீப்பிடித்து விழுந்தது. எவரும் பிழைக்கவில்லை.

பாடசாலைக் கண்காட்சிக்கு ஆகாயக் கப்பல் மாதிரி செய்கிறோம். எத்தனை பலூன் வேண்டும்?
— மாணவி, பம்பலப்பிட்டி

ஈலியம் மட்டும் பாவியுங்கள். மலிவாக நிரப்பித் தருகிறோம் என்றால் உள்ளே ஐதரசனா என்று கேளுங்கள். ஆம் என்றால் வேண்டாம், ஒரு தீப்பொறி போதும்.

கொழும்பு வெப்பத்தில் ஒரு லீற்றர் ஈலியம் சுமார் ஒரு கிராம் தூக்கும். 12 அங்குல ரப்பர் பலூன் 14 லீற்றர் கொள்ளும், அதன் சொந்தப் பாரம் மூன்று கிராம். கட்டும் நூலையும் சேர்த்துக் கழித்தால் பத்துக் கிராம் மிஞ்சும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார், பற்றரி, காகிதக் கூடு எல்லாம் சேர்த்து சமையல் தராசில் 60 கிராம் காட்டினால் ஆறு பலூன் கணக்கு, ஏழு கட்டுங்கள். மிஞ்சும் தூக்கலைக் கடதாசிக் கிளிப்புகளை ஒவ்வொன்றாக மாட்டிச் சமப்படுத்துங்கள். விட்ட இடத்தில் ஏறாமலும் இறங்காமலும் நின்றால் சரி.

முட்ட ஊதாதீர்கள், குளிரூட்டிய அறையில் நிரப்பி வெயிலுக்குக் கொண்டுவந்தால் வெடிக்கும். ரப்பர் பலூன் அரை நாளில் தளர்ந்துவிடும், ஆகவே கண்காட்சி நாள் காலையில்தான் நிரப்ப வேண்டும். மதியத்துக்குப் பிறகு மாதிரி தாழ ஆரம்பித்தால் ஒவ்வொரு கிளிப்பாகக் கழற்றுங்கள். மண்டபத்து மின்விசிறிகளை நிறுத்தச் சொல்ல மறக்க வேண்டாம்.