பதில்: இலவச டி-ஷர்ட் கொடுத்தும் கேலரி காலி

டிக்கெட் இலவசம், டி-ஷர்ட்டும் தருகிறோம், ஆனாலும் எங்கள் கல்லூரியின் செவ்வாய் இரவு 7 மணி பெண்கள் பாஸ்கெட்பால் ஆட்டத்துக்கு நாற்பது பேர்தான் வருகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பிரச்சினை விலையில் இல்லை. 2 மணிக்கு வகுப்பு முடிந்து வேலைக்குக் கிளம்பிய மாணவர், டி-ஷர்ட்டுக்காக அரை மணி நேரம் காரோட்டித் திரும்பி வரமாட்டார்.

முதலில் ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்தில், எந்தக் கிழமை எத்தனை மணிக்கு எத்தனை பேருக்கு வகுப்பு முடிகிறது என்று கேட்டு வாங்குங்கள். கூட்டம் வளாகத்தில் இருக்கும் நேரத்துக்கு, பகல் 12க்கோ மாலை 4:30க்கோ, இரண்டு ஆட்டங்களையாவது மாற்றப் பாருங்கள். எதிரணியின் பயணம், ஒளிபரப்பு எல்லாம் குறுக்கே வரும். அதனால் கோடையிலேயே பேசிவிடுங்கள், அட்டவணை வெளியான பின் நடக்காது. அன்றைக்கு பார்க்கிங் பெர்மிட் நேரமும் நீள வேண்டும். அபராதச் சீட்டு வாங்கியவர் மறுபடி எட்டிக்கூடப் பார்க்கமாட்டார்.

இலவச பீட்சா கொடுப்பதானால், வாசலில் கொடுக்காதீர்கள், வாங்கிக்கொண்டு நழுவிவிடுவார்கள். நுழையும்போது டோக்கன், பாதி ஆட்டத்தில் பீட்சா. எட்டுத் துண்டு பீட்சா, ஆளுக்கு இரண்டு என்றால் நூறு பேருக்கு 25 வேண்டும். இடைவேளை 15 நிமிடம்தான், ஒரே மேசை போதாது.

மடக்கு கேலரியில் ஒரு பக்கத்தை மட்டும் இழுத்துவிடுங்கள். நூறு பேர் நெருங்கி உட்கார்ந்தால்தான் சத்தம் வரும். இரண்டாம் பாதியில் எதிரணி பந்து போடும் கூடைப் பக்கம் என்றால் இன்னும் நல்லது. ஏர்ஹார்ன், ஊதல் மட்டும் வேண்டாம், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் விதி அனுமதிக்காது.