பழைய வீட்டில் ஊர் அருங்காட்சியகம்: மாற்றுத்திறனாளிகளுக்கு எப்படி வழி செய்வது?

வாசகர் கேள்வி: எங்கள் ஊர் வரலாற்று ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து, அன்பளிப்பாகக் கிடைத்த பழைய ஓட்டு வீட்டில் சிறிய அருங்காட்சியகம் நடத்திவருகிறோம். வாசலில் மூன்று படிகள், திண்ணை, உயரமான நிலைப்படி, உள்ளே முற்றம், மாடியில் ஓர் அறை. அண்மையில் ஒரு பள்ளியிலிருந்து வந்த மாணவர்களில் ஒருவர் சக்கர நாற்காலியில் இருந்தார். இருவருக்குப் பார்வை இல்லை. நாற்காலியோடு அவரைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினோம். மாடிக்கு அழைத்துப்போக முடியவில்லை. பார்வையற்ற மாணவர்கள் கண்ணாடிப் பெட்டிகளின் முன்னால் நின்றுவிட்டுத் திரும்பினார்கள். லிஃப்ட் வைக்கப் பணம் இல்லை. வீட்டின் அமைப்பைச் சிதைக்கவும் மனம் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்:

லிஃப்ட் பற்றிய கவலையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். உங்கள் வீட்டுக்கு அது தேவைப்படாமலே போகலாம். ஆனால் ஒன்றை இன்றோடு நிறுத்த வேண்டும்: ஆளை நாற்காலியோடு தூக்குவது. நீங்கள் அன்போடுதான் செய்தீர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் அது ஆபத்தானது. பல நாற்காலிகளின் கைப்பிடிகளும் கால்தாங்கிகளும் கழற்றி மாட்டக்கூடியவை. அவற்றைப் பிடித்துத் தூக்கும்போது கையோடு வந்துவிடும். மின்சார நாற்காலியைப் படியில் தூக்குவதை நினைத்தே பார்க்க வேண்டாம். அதைவிட முக்கியமானது, நாலு பேர் தூக்கித்தான் உள்ளே போக முடியும் என்றால், அந்த நாலு பேர் இல்லாத நாளில் அவரால் வர முடியாது. வந்தாலும், பிடித்த பொருளின் முன் இன்னும் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும் என்று கேட்க அவருக்குக் கூச்சமாக இருக்கும். வருகிறவர் தாமாக வந்து, தாமாகச் சுற்றி, தாமாகத் திரும்ப முடிகிறதா என்பதை மட்டும் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

செங்கல் வாங்குவதற்கு முன் ஆட்களைக் கூப்பிடுங்கள். உங்கள் வட்டாரத்தில் இருக்கும் சக்கர நாற்காலி பயன்படுத்துபவர், பார்வையற்றவர், காது கேளாதவர், ஊன்றுகோலுடன் நடக்கும் முதியவர் ஆகியோரை ஒரு நாள் அழையுங்கள். யாரையும் தெரியவில்லை என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் கேளுங்கள். உள்ளூர்ச் சங்கங்களின் தொடர்பு அங்கே கிடைக்கும். வருபவர்களின் பயணச் செலவைக் கொடுங்கள். அவர்களின் நேரத்துக்கும் ஒரு தொகை கொடுப்பது நியாயம். பஸ் நிறுத்தத்திலிருந்து அவர்களோடு நடந்து வாருங்கள். நீங்கள் பேசாமல் பின்னால் வந்து, எங்கே நிற்கிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வாசற்படிதான் முதல் தடை என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். அதற்கு முன்னாலேயே மூடியில்லாத சாக்கடையோ, சரளை கொட்டிய சந்தோ அவர்களை நிறுத்தியிருக்கும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். தனியார் அறக்கட்டளை நடத்தும் சிறிய இடம்தானே என்று பலர் நினைக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டடத்தையும் பொதுக் கட்டடம் என்றே வரையறுக்கிறது; பண்பாட்டுப் பயன்பாட்டுக்கான கட்டடங்கள் அந்த வரையறையிலேயே இடம்பெறுகின்றன. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை அணுகத்தக்கவையாக மாற்ற 45ஆம் பிரிவு ஐந்து ஆண்டு அவகாசம் கொடுத்தது. விதிகள் 2017இல் வந்தன. அவகாசம் 2022இல் முடிந்துவிட்டது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரநிலைகள் வெறும் பரிந்துரைகளாக இருந்தால் போதாது, கட்டாயமான விதிகளாக இருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே, கையில் காசு சேரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைக்கும் வேலை இல்லை இது.

இனி வாசல். சாய்தளத்துக்கு அடிப்படைக் கணக்கு 1:12. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். உங்கள் படிகள் ஒவ்வொன்றும் அரை அடி என்று வைத்துக்கொண்டால் மொத்தம் ஒன்றரை அடி. பதினெட்டு அடி நீளம் வேண்டும். நிலைப்படியை மறந்துவிடாதீர்கள். அது நான்கு அங்குலம் என்றால், அதன் தலைமட்டம்வரை ஏற 22 அடி ஆகிறது. மேலும் கீழும் ஐந்தடிச் சமதளம் இல்லாவிட்டால் நாற்காலி நிற்கவோ திரும்பவோ முடியாது. அகலம் நான்கு அடி, இருபுறமும் கைப்பிடி, ஓரத்தில் சக்கரம் நழுவாதபடி சிறு வரம்பு. மேஸ்திரி, “இடம் பத்தாது, கொஞ்சம் செங்குத்தாக வைத்துக்கொள்ளலாம்” என்பார். சம்மதிக்காதீர்கள். நம் ஊர்களில் வங்கி, அலுவலகம் என்று எங்கு பார்த்தாலும் அப்படிக் கட்டிய சறுக்குமரங்களைக் காணலாம். கணக்குக் காட்ட அவை உதவும். எந்தச் சக்கர நாற்காலியும் அவற்றில் தனியாக ஏறாது. நேராக நீள இடமில்லையென்றால், நடுவில் ஐந்தடிச் சமதளம் வைத்து மடக்குங்கள்.

இப்படி ஒரு நீளத்தைத் தெருப்பக்கம் கட்டினால் திண்ணை மறைந்துபோகும். அந்த வீட்டில் வெளியிலிருந்தே தெரியும் வரலாறு திண்ணைதான். ஆகவே கொல்லைப்பக்கம் போய்ப் பாருங்கள். பழைய வீடுகளில் மாடும் வண்டியும் வந்துபோன கொல்லை வாசல் பெரும்பாலும் தாழ்வாகவும் அகலமாகவும் இருக்கும். அங்கே அரை அடிப் படி ஒன்றுதான் என்றால் ஆறடிச் சாய்தளத்தில் வேலை முடிந்தது. பின்வாசல் வழியாக அனுப்புவது அவமதிப்பு ஆகாதா என்று கேட்பீர்கள். மாற்றுத்திறனாளிகளை மட்டும் அங்கே அனுப்பினால் அவமதிப்புதான். எல்லாப் பார்வையாளர்களுக்கும் அதையே நுழைவாயிலாக்கி, டிக்கெட் மேசையையும் அங்கே கொண்டுபோய்விடுங்கள். கொல்லையில் உள்ள கிணறு, உரல், மாட்டுத் தொழுவம் ஆகியவற்றிலிருந்து காட்சி தொடங்கட்டும். ஒரு வேளாண் ஊரின் கதையைச் சொல்ல அதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தோன்றவில்லை.

உள்ளே வரும் நிலைப்படிகளை அறுக்க வேண்டாம். நாலு அங்குல உயரத்துக்கு இருபுறமும் நான்கடி நீளத்தில், ஆப்பு வடிவ மரப்பலகைகளைச் செய்து சாத்திவைக்கலாம். ஆணி அடிக்காமல், எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடும்படி. நிலைப்படியை மிதிக்கத் தயங்கும் முதியவர்களும் பலகைமேல் நிம்மதியாக நடப்பார்கள். கதவு திறந்த பிறகு மூன்றடி இடைவெளி வேண்டும். இரட்டைக் கதவின் ஒரு பக்கத்தை மட்டும் திறந்துவைக்கும் பழக்கம் இருந்தால் மாற்றுங்கள். தமிழ்நாடு அரசோ இந்தியத் தொல்லியல் துறையோ பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்த கட்டடமாக இருந்தால், எதையும் தொடுவதற்கு முன் அனுமதி வாங்க வேண்டும். அங்கும் கழற்றக்கூடிய அமைப்புகளுக்கு அனுமதி பெறுவது ஒப்பீட்டளவில் எளிது.

முற்றத்தைப் பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டும். தாழ்வாரத்திலிருந்து ஓரடி ஒன்றரையடி இறங்கும் அந்த விளிம்பு, பார்வையற்றவர்களுக்கும் சக்கர நாற்காலிக்கும் ஆபத்தான இடம். விளிம்புக்கு இரண்டடி முன்பாகக் காலுக்குத் தெரியும்படி சொரசொரப்பான கல் பட்டை பதியுங்கள். கைப்பிடிக் கம்பியையும் போட்டுவிடுங்கள். பூந்தொட்டி, கயிறு கட்டிய கம்பம் போன்றவை தடுப்பாகாது, அவையே இடறிவிடும். தாழ்ந்த வாசல் நிலைகளில் தலை இடிக்கும் இடங்களையும் கவனியுங்கள்.

மாடி அறையை அலுவலகமாகவும் சேமிப்பறையாகவும் மாற்றிவிட்டு, காட்சிப் பொருள்கள் எல்லாவற்றையும் கீழே கொண்டுவாருங்கள். இடம் போதாது என்றால் பொருள்களைக் குறையுங்கள். சிறிய அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் கையில் உள்ள அனைத்தையும் ஒரே நேரத்தில் வைக்க ஆசைப்பட்டு, நடக்கவே இடமில்லாமல் செய்துவிடுகின்றன. ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றி வைத்தால் உள்ளூர்க்காரர்களும் மறுபடி வருவார்கள். நாற்காலி முழுதாகத் திரும்ப ஐந்தடி வட்டம் வேண்டும். பெட்டிகளை நகர்த்தும்போது அதைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்து பாருங்கள்.

பார்வையற்ற மாணவர்கள் கண்ணாடிப் பெட்டியின் முன் நின்றுவிட்டுத் திரும்பினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது அதுதான். ஏனென்றால் பெரிய அருங்காட்சியகங்களைவிட உங்களுக்கு இதில் வசதி அதிகம். தில்லி தேசிய அருங்காட்சியகம் தொட்டுணரும் கூடத்துக்காகச் சிற்பங்களுக்கு நகல்கள் செய்ய வேண்டியிருந்தது. உங்களிடம் இருப்பவையோ கைபடுவதற்காகவே செய்யப்பட்டவை. திருகை, உரல், உலக்கை, கலப்பை, முறம், மரக்கால், இறைசால். இவற்றைக் கண்ணாடிக்குள் வைக்க எந்தக் காரணமும் இல்லை. ஓலைச்சுவடியைத் தொடக் கூடாது. செப்புக் காசைத் தொடக் கூடாது, விரலின் வியர்வையும் உப்பும் உலோகத்தை அரிக்கும். அவை பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். மற்றவற்றுக்கு ஒரு தொடு மேசை போடுங்கள். அடியில் நாற்காலியின் முழங்கால் நுழைய இரண்டேகால் அடிக்கு மேல் இடைவெளி விட்டு.

அந்த மேசையில் என்னென்ன செய்யலாம் பாருங்கள். ஆழாக்கு, உழக்கு, உரி, படி என்று அளவைகளை வரிசையாக வைத்து, ஒரு தட்டில் நெல்லும் வையுங்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால். அளந்து கொட்டினால் பார்வையுள்ள குழந்தையும் இல்லாத குழந்தையும் ஒரே நேரத்தில் கற்றுக்கொள்வார்கள். புதிய பனையோலையும் எழுத்தாணியும் கொடுத்தால், கீறிய எழுத்தை விரலால் தடவிப் பார்க்கலாம். முதுமக்கள் தாழி உடைந்த ஓடுகளாகத்தான் இருக்கிறது என்றால், உங்கள் வட்டாரத்து மண்பாண்டக் கலைஞரிடம் சிறிய அளவில் முழு வடிவம் ஒன்று செய்து வாங்குங்கள். கல்வெட்டுப் பலகை கருங்கல்லாக இருந்தால், நல்ல நிலையில் உள்ள பகுதியைச் சுத்தமான கையால் தொட அனுமதிக்கலாம். சிதைந்துவரும் கல் என்றால் நகல். மாமல்லபுரம் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியில் பயின்றவர்கள் இத்தகைய நகல்களை நேர்த்தியாகச் செய்வார்கள்.

பிரெய்ல் அட்டைகள் வையுங்கள். ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். பார்வையற்றோர் எல்லோரும் பிரெய்ல் படிப்பவர்கள் அல்லர், நடுவயதில் பார்வை இழந்தவர்கள் பெரும்பாலும் படிப்பதில்லை. ஒவ்வொரு முக்கியப் பொருளுக்கும் இரண்டு நிமிட ஒலிப்பதிவு செய்து கியூஆர் கோடு ஒட்டுங்கள். கோடு இருக்கும் இடத்தை விரல் கண்டுகொள்ள ஓரத்தில் மேடான சட்டம் வேண்டும். ஒலிப்பதிவில் பொருளின் அளவு, வடிவம், எடை, நிறம் எல்லாம் வர வேண்டும். ஊரில் ஏற்றப்பாட்டு (ஏற்றத்தில் நீர் இறைக்கும்போது பாடும் பாட்டு) நினைவிருக்கும் பெரியவர் யாராவது இருந்தால் அவர் குரலையே பதிவு செய்யுங்கள். அப்படியே அந்த ஒலிப்பதிவு முழுவதையும் பெரிய எழுத்தில் அச்சிட்டும் வையுங்கள், காது கேளாதோருக்காக. காணொளி இருந்தால், பேசுவது திரையின் அடியில் தமிழ் எழுத்தாக வருவது கட்டாயம். சைகை மொழி தெரிந்த ஒருவரை மாதம் ஒரு நாளாவது அழைத்து, அந்தத் தேதியை முன்கூட்டியே காது கேளாதோர் பள்ளிகளுக்குத் தெரிவியுங்கள்.

பொருள்களின் விளக்க அட்டைகளைத் தரையிலிருந்து நான்கு அடி, நான்கரை அடி உயரத்தில் வைத்தால் நிற்பவரும் உட்கார்ந்திருப்பவரும் படிக்கலாம். அலங்கார எழுத்துரு வேண்டாம்; புள்ளியும் கொம்பும் மெலிந்துபோனால் குறைபார்வையுள்ளவருக்கு ஒன்றும் புரியாது. பித்தளைத் தகட்டில் பொறித்த அட்டைகள் அழகாக இருக்கின்றன, படிக்க முடிவதில்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்காக, பறை ஒலிப்பதிவு போன்ற திடீர்ச் சத்தங்களை நிறுத்திவைக்கும் ஓர் அமைதி நேரம் வைத்தால் நல்லது.

கழிப்பறை இல்லாமல் இதுவெல்லாம் முழுமையாகாது. பலர் வெளியே கிளம்பும் நாளில் தண்ணீர் குடிக்காமலே வருகிறார்கள், போகுமிடத்தில் கழிப்பறை இருக்காது என்ற பயத்தால். மேற்கத்திய வகை, மூன்றடிக் கதவு வெளிப்பக்கம் திறப்பது, சுவரில் உறுதியான பிடிகம்பிகள், நாற்காலி திரும்ப இடம். செலவில் முதலிடம் இதற்கும் சாய்தளத்துக்கும் கொடுங்கள். கழிப்பறையைத் துடைப்பமும் பழைய நாற்காலிகளும் வைக்கும் இடமாக்கிப் பூட்டிவிடாதீர்கள்.

பணத்துக்கு ஒன்றிரண்டு வழிகள் உள்ளன. கம்பெனிகள் சட்டம் 2013இன் ஏழாவது அட்டவணையில் பாரம்பரியப் பாதுகாப்பும் கலை பண்பாடும் இடம்பெறுவதால், அருகிலுள்ள ஆலைகளின் சமூகப் பொறுப்பு நிதியைக் கேட்கலாம். மத்தியக் கலாச்சார அமைச்சகத்தின் அருங்காட்சியக மானியத் திட்டம் பதிவுபெற்ற சங்கங்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும் உண்டு. விண்ணப்பத்தோடு, நீங்கள் அழைத்து வந்து காட்டிய மாற்றுத்திறனாளிகள் சொன்ன குறைகளின் பட்டியலையும் அளவுகளோடு வரைபடத்தையும் இணையுங்கள். பொதுவாக “வசதிகள் செய்ய” என்று எழுதுவதைவிட அது நம்பத்தக்கதாக இருக்கும். சென்னைக்கு வர முடிந்தால், மெரினா அருகே காமராசர் சாலையில் உள்ள ‘அனைத்தும் சாத்தியம்’ அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான உதவிக் கருவிகள் எத்தனை வகை என்று அங்கே நேரில் தெரியும்.

எவை தயார், எவை இன்னும் இல்லை என்பதை உங்கள் அறிவிப்புப் பலகையிலும் இணையப் பக்கத்திலும் உள்ளபடியே எழுதுங்கள். “படியில்லா நுழைவு உண்டு, கழிப்பறை வேலை நடக்கிறது” என்று தெரிந்தால் வருகிறவர் அதற்கேற்பத் திட்டமிடுவார். டிக்கெட் கொடுப்பவருக்கும் சுற்றிக் காட்டுபவருக்கும் சில பழக்கங்களைச் சொல்லிக்கொடுங்கள்: கேட்காமல் நாற்காலியைத் தள்ளக் கூடாது, பார்வையற்றவரின் கையைப் பிடித்து இழுக்காமல் தங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளக் கொடுக்க வேண்டும், கேள்வியை உடன் வந்தவரிடம் கேட்காமல் அவரிடமே கேட்க வேண்டும். காலையில் திறக்கும்போது ஒருவர் வெளியே போய், சாய்தளத்தின் அடியில் யாரும் மோட்டார் சைக்கிள் நிறுத்தியிருக்கவில்லையா, மழைக்குப் பாசி படிந்திருக்கவில்லையா என்று பார்த்துவிட்டு வரட்டும்.