மூன்றாவது இட்லிக்குப் பயம்

கேள்வி: எனக்கு வயது 27, உயரம் 158 செ.மீ. ஏழு மாதத்தில் 71 கிலோவிலிருந்து 54 கிலோவுக்கு வந்தேன். காலையில் இரண்டு இட்லி, மதியம் இரண்டு சப்பாத்தி, எண்ணெய் இல்லாத பொரியல், இரவு வெள்ளரி, கோஸ் சாலட், மோர். ஆப் கணக்கில் 900 கலோரி. தினமும் இரண்டு மணி நேரம் நடக்கிறேன். இப்போது மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லை, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, சித்திரை வெயிலிலும் குளிர்கிறது என்று ஃபேனை நிறுத்தச் சொல்கிறேன். போன மாதம் ஆம்பூரில் உறவினர் கல்யாணத்தில் பிரியாணி சாப்பிட்டேன். மறுநாள் காலை எடை 1.8 கிலோ ஏறியிருந்தது. அடுத்த மூன்று நாள் மோரும் வெள்ளரியும்தான். சாப்பாட்டைக் கூட்ட வேண்டும் என்று தெரிகிறது, ஆனால் மூன்றாவது இட்லியை எடுக்கக் கை வரவில்லை. எப்படி ஆரம்பிப்பது?
— வாசகி, குடியாத்தம்

பதில்: அந்த 1.8 கிலோவிலிருந்தே ஆரம்பிப்போம். உங்கள் பயத்துக்கு முக்கிய சாட்சியே அதுதான்.

ஒரு கிலோ உடல் கொழுப்பு சேர வேண்டுமானால், உடல் செலவழிப்பதற்கு மேல் சுமார் 7,700 கலோரி உள்ளே போக வேண்டும். 1.8 கிலோவுக்கு 13,860. ஒரு பிளேட் பிரியாணியை 800 கலோரி என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய செலவுக்கு மேல் பதினேழு பிளேட்டுக்கும் அதிகமாகச் சாப்பிட்டிருந்தால்தான் அவ்வளவு கொழுப்பு ஏறும். நீங்கள் சாப்பிட்டது ஒரு பிளேட்.

அப்படியானால் ஏறியது என்ன? பெரும்பாலும் தண்ணீர். கல்லீரலும் தசைகளும் மாவுச்சத்தை கிளைகோஜன் என்ற வடிவில் சேமிக்கின்றன. ஒரு கிராம் கிளைகோஜனோடு ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரும் தங்கும். ஏழு மாதமாகக் குறைந்தே கிடந்த அந்தச் சேமிப்பு, சோற்றைப் பார்த்ததும் நிரம்பியது. பிரியாணியிலும் கத்திரிக்காய்த் தொக்கிலும் இருந்த உப்பு இன்னொரு பக்கம். உடலில் 9 கிராம் உப்பு கூடுதலாகத் தங்கினால் அதனோடு ஒரு லிட்டர் தண்ணீரும் தங்கும். குடலில் இருந்த உணவின் எடையும் சேரும். பிறகு மூன்று நாள் மோரும் வெள்ளரியுமாக இருந்தீர்கள், எடை இறங்கியது. இறங்கியதும் அதே தண்ணீர்தான். பட்டினி கிடந்ததால் தப்பித்தோம் என்று மனம் பதிவு செய்துகொண்டது. பயம் வளர்ந்தது அந்த இடத்தில்தான்.

அடுத்த கணக்கு இன்னும் முக்கியம். உங்கள் வயது, உயரம், எடைக்கு, நாள் முழுவதும் படுத்தே கிடந்தாலும் இதயம், மூளை, சிறுநீரகம் இயங்க மட்டும் சுமார் 1,230 கலோரி வேண்டும். எழுந்து, வேலைக்குப் போய், நடந்தால் 1,700 முதல் 1,850 வரை. நெடுநாள் பட்டினியால் உடல் செலவைக் குறைத்திருக்கும் என்பதால் 1,600 என்றே வைப்போம். நீங்கள் 900-ஐ 1,150 ஆக்கினாலும் செலவைவிட 450 குறைவு. 1,400 ஆக்கினாலும் குறைவுதான். ஆகவே முதல் இரண்டு வாரத்தில் எடைமெஷின் எவ்வளவு ஏற்றிக் காட்டினாலும் அது கொழுப்பாக இருக்க வழியில்லை. இந்த ஒரு வரியை எழுதி மெஷின் மேலேயே ஒட்டி வையுங்கள்.

54 கிலோ என்பது உங்கள் உயரத்துக்கு இயல்பான எடை, பி.எம்.ஐ. 21.6. அதனால் வீட்டில் யாரும் பயப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் இருந்த எடையில் ஏறக்குறைய கால் பங்கை ஏழு மாதத்தில் இழந்திருக்கிறீர்கள். உடலுக்குத் தெரிவது அந்த இழப்புதான். வரவு குறைந்ததும், கொழுப்புச் செல்கள் சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் இறங்குகிறது. சினைப்பையைத் தூண்டும்படி மூளை அனுப்பும் கட்டளை மங்குகிறது, மாதவிடாய் நிற்கிறது. தைராய்டு ஹார்மோனில் டி3 குறைகிறது, குளிர்கிறது. முடியின் வேர்கள் ஓய்வு நிலைக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்து மொத்தமாக உதிர்கின்றன. எதற்கும் தனித்தனி மாத்திரை தேட வேண்டாம். குறிப்பாக, டி3 மட்டும் குறைந்து, டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) இயல்பாக இருக்கும்போது, "தைராய்டு மாத்திரை போட்டால் எடை ஏறாது" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சாப்பாடு ஏறினால் டி3 தானே ஏறும்.

பயமும் இந்தப் பட்டியலில் சேர்ந்ததே. 1944-45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், உடலும் மனமும் நலமாக இருந்த 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்தார். அவர்களுக்குக் கிடைத்தது சராசரி 1,570 கலோரி, அதாவது உங்களுடையதைவிட அதிகம். நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பு, எரிச்சல், சோர்வு, கோடையிலும் குளிர் என்று ஆனார்கள். சிலர் சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள், தட்டை நக்கினார்கள். உணவு திரும்பக் கிடைத்த பிறகும் பலருக்கு மாதக்கணக்கில் பசி அடங்கவில்லை. ஆகவே உங்களுக்கு மன உறுதி இல்லை என்று நினைக்காதீர்கள். பட்டினி கிடக்கும் மூளை இப்படித்தான் நடந்துகொள்ளும்.

கூட்ட ஆரம்பிக்கும் முன் ஒரு முறை மருத்துவரைப் பாருங்கள். ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், பாஸ்பேட், மெக்னீசியம், சர்க்கரை, ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச் சத்தின் சேமிப்பைக் காட்டுவது), பி12, டி.எஸ்.எச். பார்க்க வேண்டும். இ.சி.ஜி. ஒன்று. திருமணமாகியிருந்தால் முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை. நீண்ட பட்டினிக்குப் பின் திடீரென்று நிறையச் சாப்பிட்டால் இன்சுலின் எழும்பி, பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும். மிகவும் மெலிந்தவர்களுக்கும், பல நாள் ஏறக்குறைய எதுவுமே சாப்பிடாதவர்களுக்கும் இது உயிருக்கே ஆபத்து. தினமும் 900 சாப்பிட்டு வந்த உங்களுக்கு வாய்ப்பு குறைவு, ஆனாலும் பார்த்துவிடுவது நல்லது. உட்கார்ந்திருக்கும்போது நாடித்துடிப்பு 50-க்குக் கீழே இருந்தாலோ, எழுந்தால் கண் இருட்டினாலோ, மயங்கி விழுந்திருந்தாலோ வீட்டில் தானாக ஆரம்பிக்க வேண்டாம். வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள்.

இனி சாப்பாடு. வாரத்துக்கு ஒரு படி, ஒரு படிக்குச் சுமார் 250 கலோரி.

முதல் வாரம் காலை வேளையை மட்டும் மாற்றுங்கள். அந்த மூன்றாவது இட்லி (60), ஒரு முழு முட்டை (75), 200 மில்லி பால் (120). மஞ்சள் கருவை எடுத்துப் போட வேண்டாம். இரண்டாம் வாரம் மதியம். இரண்டு சப்பாத்தியில் ஒன்றைக் குறைத்து, 200 கிராம் சோறும் (260) ஒரு கரண்டி கெட்டிப் பருப்பும் (80) சேருங்கள். மூன்றாம் வாரம் மாலையில் 30 கிராம் வேர்க்கடலை (170), சமையலில் இரண்டு டீஸ்பூன் நல்லெண்ணெய் (90). எண்ணெய்தான் பெரும்பாலோருக்குக் கடினமான படி, அதனால்தான் அதை மூன்றாவதாக வைத்தேன். வெறும் பொரியலில் இத்தனை மாதம் உங்கள் உடலுக்குக் கொழுப்பே சரியாகப் போகவில்லை. ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் குடலில் உறிஞ்சப்பட கொழுப்பு வேண்டும். நான்காம் வாரம் இரவு. சாலட்டைச் சிறு கிண்ணமாகக் குறைத்து, 50 கிராம் கேழ்வரகு மாவும் ஒரு பிடி நொய்யும் போட்டுக் கிண்டிய களி ஒரு உருண்டை, கீரைக் குழம்போடு. ஏறக்குறைய 250. நம் பக்கத்து வீடுகளில் இதைவிட நல்ல இரவு உணவு குறைவு. அந்த உருண்டையில் சுண்ணாம்புச் சத்தும் சுமார் 170 மில்லிகிராம் இருக்கும், மாதவிடாய் நின்ற பெண்ணின் எலும்புக்கு அது தேவை.

நான்கு வாரத்தில் 1,850-ஐத் தாண்டிவிடுவீர்கள். புரதம் ஒரு நாளுக்கு 55 முதல் 65 கிராம் வரும்படி முட்டை, பருப்பு, தயிர், மீன், சுண்டல் என்று மாற்றிக்கொள்ளலாம்.

மெல்ல ஏற்றினால் வளர்சிதை மாற்றம் தானாகப் பெருகும், கொழுப்பே ஏறாது என்று வீடியோக்களில் சொல்வதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தால், உங்கள் உடல் அடுத்த வாரமே 1,800-ஐத் தாங்கும். படிப்படியாகச் சொல்வது உங்கள் பயத்துக்காக மட்டுமே. அதனால் வாரம் 50 கலோரி என்று இன்னும் இழுக்காதீர்கள், அது பட்டினியை நீட்டிப்பதாகும். பயம் குறைந்துவிட்டால் இரண்டு படிகளை ஒரே வாரத்தில் ஏறுங்கள்.

எடை கொஞ்சமும் ஏறாது என்று உங்களுக்கு உறுதி தர மாட்டேன். சில கிலோ ஏறும், ஏறவும் வேண்டும். தண்ணீர் போக, கரைந்த தசையும் தேவையான கொழுப்பும் திரும்பாமல் மாதவிடாய் திரும்புவது கடினம். ஆனால் வேகத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். உங்கள் செலவு 1,600-லேயே நின்றுவிட்டது என்று மோசமாகவே வைத்தாலும், 1,885 சாப்பிட்டால் மிச்சம் நாளுக்கு 285. ஒரு கிலோ சேர 27 நாள் ஆகும். செலவு அப்படி நிற்பதும் இல்லை. சாப்பாடு ஏற ஏற உடல் சூடாகும், கை கால் அசைவு கூடும், மிச்சம் சுருங்கும்.

எடையை வாரம் ஒரு நாள் மட்டும் பாருங்கள், காலையில், கழிவறை போன பிறகு. மெஷினில் ஏறும் முன் ஒரு நோட்டில் "இவ்வளவு ஏறியிருக்கும் என்று பயப்படுகிறேன்" என்று எண்ணை எழுதுங்கள். இறங்கிய பின் உண்மை எண்ணைப் பக்கத்தில் எழுதுங்கள். நான்கைந்து வாரம் போனால் இரண்டு எண்ணுக்கும் உள்ள இடைவெளி கண்ணுக்குத் தெரியும். தினமும் பார்த்தால் தண்ணீரின் ஏற்ற இறக்கம்தான் தெரியும்.

இடையில் சில தொந்தரவுகள் வரும். நான்கு வாய் சாப்பிட்டதும் வயிறு உப்பும், ஏனென்றால் பட்டினியில் இரைப்பை மெதுவாகக் காலியாகப் பழகிவிட்டது. பச்சைக் கோஸ், வெள்ளரி, சூயிங்கம் அதை மோசமாக்கும், குறையுங்கள். மூன்று பெரிய வேளைக்குப் பதில் ஐந்து சிறு வேளை. சில வாரத்தில் சரியாகும். கணுக்கால் லேசாக வீங்கலாம், இன்சுலின் உப்பைத் தக்கவைப்பதால். நீர் பிரியும் மாத்திரை போடாதீர்கள், தண்ணீரைக் குறைக்காதீர்கள். ஆனால் வீக்கத்தோடு மூச்சு வாங்கினால், படபடப்பு, தசைத் தளர்ச்சி, குழப்பம் வந்தால் அன்றே மருத்துவமனை. ஒரு நாள் கட்டுப்பாடு இழந்து நிறையச் சாப்பிட்டுவிட்டால், அடுத்த வேளையை வழக்கம்போல் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். ஈடுகட்டப் பட்டினி கிடந்தால் அடுத்த பெருந்தீனிக்கு நீங்களே நாள் குறிக்கிறீர்கள்.

இரண்டு மணி நேர நடையை 30 நிமிடமாக்குங்கள், சாப்பிட்ட உடனே நடக்க வேண்டாம். பயந்த உணவைச் சாப்பிட்டுவிட்டு, ஈடுகட்டாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருங்கள். பதற்றம் ஏறும், பிறகு தானே இறங்கும். அது இறங்குவதை மூளை பார்த்தால்தான் கற்றுக்கொள்ளும். பயப்படும் உணவுகளை 10-க்கு மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துங்கள். நெய் 5, பிரியாணி 9 என்றால் நெய்யை வாரம் மூன்று முறை சாப்பிட்டு, அது 2-க்கு வந்த பிறகு மேலே போங்கள். பிரியாணியைத் தனியாக வேண்டாம், வீட்டாரோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. "நல்லா எளைச்சிட்டியே", "இன்னா, மறுபடியும் உடம்பு போடற மாதிரி இருக்கே" இரண்டையும் ஆறு மாதம் நிறுத்துங்கள். பாராட்டாகச் சொன்னதும் காயம்தான். தட்டைக் கண்காணிக்க வேண்டாம், கூட உட்கார்ந்து சாப்பிட்டால் போதும்.

சாப்பிட்டதை வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை, உணவை ஒளிப்பது, இரவெல்லாம் கலோரி எண்ணுவது இவற்றில் ஏதாவது இருந்தாலோ, இரண்டு வாரம் முயன்றும் முதல் படியை ஏற முடியாவிட்டாலோ, இது உணவுக் கோளாறாக மாறியிருக்கலாம். மனநல மருத்துவரிடம் தயங்காமல் போங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

குளிர் முதலில் போகும், தூக்கம் சரியாகும். முடி உதிர்வது நிற்க மூன்று முதல் ஆறு மாதம் ஆகலாம். மாதவிடாய்க்கும் மாதங்கள் தேவைப்படும். அதை வரவழைக்கக் கருத்தடை மாத்திரை போட்டால் ரத்தப்போக்கு வரும், ஆனால் சுழற்சி திரும்பியதா என்பது மறைந்துவிடும். முழுச் சாப்பாட்டில் மூன்று மாதம் இருந்தும் வராவிட்டால், மகப்பேறு மருத்துவரிடம் இந்தக் கடிதத்தில் எழுதிய எடைக் கணக்கையும் சொல்லி, ஹார்மோன் பரிசோதனையும் எலும்பு அடர்த்தி ஸ்கேனும் தேவையா என்று கேளுங்கள்.